பத்து மாத அட்வான்ஸும் பத்து ரூபாய் கரன்ட்டும்: சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் வீடு வாடகைக்கு விடும் அய்யாக்களே, அம்மாக்களே,

இந்த ஊருக்கு வந்த நாள் முதல் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்துவரும் ஒருவர் எழுதும் மடல் இது. புரசைவாக்கத்தில் ஒரு போர்ஷனில் தொடங்கினேன். பிறகு மேற்கு மாம்பலம், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை. இப்போது தாம்பரத்துக்கும் தெற்கே இருக்கிறேன். ஒவ்வொரு முறை வீடு மாறியபோதும் ஊரின் நடுவிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவர்களிடம் பேசினால் பலருக்கும் இதே கதைதான். சிலருக்கு ஆவடி, திருவள்ளூர் பக்கம். சிலருக்குக் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம்.

சென்னையில் காலம் தள்ளுவது கஷ்டமாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பெரும்பகுதிக்கு நீங்கள் பொறுப்பில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதற்காக ஆற்காடு சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் ஆண்டுக்கணக்கில் தோண்டப்பட்டதில், பஸ்ஸில் போகிறவரின் காலையும் மாலையும் கரைந்தன. 2013இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் பல ஆண்டுகள் திருத்தப்படாமலே கிடந்ததில் மீட்டர் செத்துப்போனது. தென் மாவட்டப் பேருந்துகள் 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாறத் தொடங்கிய பிறகு, ஊருக்குப் போய்வரும் வடசென்னைக் குடும்பம் நகரத்துக்குள்ளேயே தனியாக ஒரு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இவை அரசிடமும் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள். அங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் இந்த நகரத்தில் வாழ ஆகும் செலவில் ஒரு பங்கு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதை எந்த அரசாணையும் உயர்த்தவில்லை, எந்தச் சந்தையும் நிர்ணயிக்கவில்லை. வழக்கம் என்ற பெயரில் நீங்கள் வைத்தது, நாங்கள் தலையாட்டியது. அதைப் பற்றி உங்களிடம் யாரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேசினால் அடுத்த மாதம் “பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், வீடு வேணும்” என்று செய்தி வந்துவிடுமோ என்கிற பயம். ஒருவர் தனியாகச் சொல்ல முடியாததை எல்லோருக்குமாகச் சொல்லலாம் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வாடகையைக் குறையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. உங்கள் பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியும். 2022இல் சொத்து வரி உயர்ந்தபோது, பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருந்த குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்பளவைப் பொறுத்து 50 முதல் 150 விழுக்காடு வரை ஏறியது. 2024இல் அதன்மேல் இன்னொரு 6 விழுக்காடு. உங்களில் பலர் பெரும் பணக்காரர்களும் இல்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி எழுப்பியவர்கள் இருக்கிறீர்கள். கணவர் போன பிறகு ஒரு போர்ஷன் வாடகையை நம்பி மருந்து வாங்கும் அம்மாக்கள் இருக்கிறீர்கள். வாடகை உங்களுக்கு வருமானம், அதைக் கேட்பது உங்கள் உரிமை. நான் பேச வந்தது வாடகைக்கு மேலே, வாடகையைச் சுற்றி, வாடகை ரசீதில் வராமல் வாங்கப்படுபவை பற்றி.

அட்வான்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு ஒரு சாதாரண இரண்டு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை. ஆக, பால் காய்ச்சுவதற்கு முன்பே 1,80,000 ரூபாய் கையில் வேண்டும். சாமான் ஏற்றும் வண்டிக் கூலி இதில் சேரவில்லை. இவ்வளவு பணத்தைச் சும்மா வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குகிறோம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய். 15,000 ரூபாய் வீடு உண்மையில் 18,000 ரூபாய் வீடாகிவிடுகிறது. அந்த 3,000 உங்களுக்கும் வருவதில்லை, அடகுக் கடைக்காரருக்குப் போகிறது. உங்களுக்கு ஆதாயமே இல்லாத ஒரு சுமையை நீங்கள் எங்கள்மேல் ஏற்றுகிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வீடு மாறும்போது இது இரட்டிப்பாகிறது. “புது ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்தாத்தான் உங்களுக்குத் தர முடியும்” என்று பழைய வீட்டில் சொல்கிறார்கள். புது வீட்டில் சாவி கொடுக்கும் முன்பே முழுத் தொகையும் வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்கிறவர் இரண்டு வீடுகளின் அட்வான்ஸையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார். கடைசியில் பணம் திரும்பும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். ஆறு மாதம் இருந்தாலும் ஆறு வருடம் இருந்தாலும் அதே ஒரு மாதம். சுவரில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் அதே ஒரு மாதம். நான் காலி செய்த ஒரு வீட்டில், என்னிடம் பெயின்ட் பணம் பிடித்துக்கொண்டு அதே பழைய சுவரோடு அடுத்தவரைக் குடிவைத்தார்கள். அவர் காலி செய்தபோது அவரிடமும் பிடித்தார்கள்.

இந்தப் பத்து மாத வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருந்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் ஒருவரை வீட்டிலிருந்து காலி செய்யவைப்பது சாதாரண வேலையில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் சொற்ப வாடகையில் தலைமுறை தாண்டி இருந்தவர்களைப் பார்த்துப் பயந்துபோன உரிமையாளர், பெரிய தொகை கையில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைத்தார். ஆனால் அந்தச் சட்டம் இன்றைக்கு இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் வெளியேற்றக் கேட்கலாம் என்கிறது அது. காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் வழக்கமான வாடகையைவிடக் கூடுதலாக ஈடு கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உங்கள் பயத்துக்குக் காரணமாக இருந்தது போய்விட்டது. பயத்தில் பிறந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

அதே சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய என்று ஒரு வாசலையும் திறந்துவைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. “நீங்கதானே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க” என்பீர்கள். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது, பார்த்த ஐந்து வீட்டிலும் அதே பத்து மாதம் கேட்கப்படும்போது, ஒருவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கரன்ட். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது பல ஆண்டுகளாக யாரும் கணக்குப் போடாததால் ஓடிக்கொண்டிருப்பது.

2016இலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் மாற்றப்பட்ட கட்டணப்படி பார்த்தாலும், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவு செய்யும் ஒரு சிறு குடும்பம் தனி மீட்டர் வைத்திருந்தால் 250 ரூபாய்க்குள் கட்டி முடித்துவிடும். அதே குடும்பம் உங்கள் மாடியில் சப்-மீட்டரோடு குடியிருக்கிறது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் 1,600. பத்து ரூபாய் என்றால் 2,000. அதே விளக்கு, அதே மின்விசிறி, அதே கிரைண்டர்.

“எல்லாப் போர்ஷனும் ஒரே சர்வீஸ், யூனிட் கூடினா ரேட்டும் கூடுதே” என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அதையும் போட்டுப் பார்ப்போம். ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள், ஆளுக்கு 200 யூனிட், மொத்தம் 600. உங்களுக்கு வரும் பில் 3,000 ரூபாயைத் தாண்டாது. எட்டு ரூபாய் வீதம் நீங்கள் வசூலிப்பது 4,800, பத்து ரூபாய் வீதம் 6,000. மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்கும் தாராளமாகவே கழித்தாலும் மீதி நிற்கிறது. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் சேரட்டும் என்று அரசு தன் செலவில் கொடுக்கும் சலுகை, எங்களிடம் வந்து சேராமல் நடுவில் நின்றுவிடுகிறது. இந்த நகரத்தில் சொந்த வீடு உள்ளவர் மலிவான மின்சாரத்திலும், வீடில்லாதவர் விலை கூடிய மின்சாரத்திலும் வாழ்வது சரி என்று உங்களில் ஒருவர்கூட மனசாட்சியோடு சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இதற்குத் தீர்வும் எளிது. தனிச் சமையலறையோடு இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவில் எங்கள் பங்கைக் கேளுங்கள், தருகிறோம். அது முடியாத இடத்தில், வந்த பில்லை மாடிப்படியில் ஒட்டி, அதை யூனிட் வீதம் பிரித்துக்கொள்வோம். பில்லைக் காட்டினால் போதும். ஒரு ரூபாய்கூட வாதாட மாட்டோம்.

தண்ணீர் விஷயத்தில் நாம் இருவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறோம். 2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் குடங்கள் வரிசையாக நின்றன. அந்தக் கோடையில் வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும் ஒரே லாரியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தோம். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்த பிறகும், பழைய மகாபலிபுரம் சாலையின் பல பகுதிகளில் இன்றும் டேங்கர்தான் கதி.

ஆனால் அந்தக் கோடையின் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதன் கட்டுப்பாடுகள் சில வீடுகளில் தங்கிவிட்டன. காலையில் அரை மணி நேரம்தான் மோட்டார். ஊரிலிருந்து அம்மா வந்து ஒரு வாரம் தங்கினால் “தண்ணி ஜாஸ்தி ஆகுதே” என்று கீழேயிருந்து குரல். வாட்டர் சார்ஜ் என்று தலைக்கு இவ்வளவு என ஒரு தொகை, அது எந்தக் கணக்கில் வந்தது என்பதற்கு ரசீது கிடையாது. மகன் வீட்டுக்கு வந்த தாயை விருந்தாளி எண்ணிக்கையில் சேர்ப்பது தமிழ்ப் பண்பாடு இல்லை என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக, இருவருக்கும் உதவும் வேலை ஒன்று இருக்கிறது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வீட்டிலும் அந்தக் குழி இருக்கும். அதைக் கடைசியாக எப்போது திறந்து மணலும் கூழாங்கல்லும் மாற்றினீர்கள்? வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். மண்வெட்டியோடு நாங்களும் இறங்குகிறோம். மொட்டை மாடியில் விழும் மழையைக் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோ அனுப்பினால், அடுத்த ஏப்ரலில் லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சமாவது இருவருக்கும் மிஞ்சும்.

இப்போது பதினொரு மாதத்துக்கு வருகிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கப் பதினொரு மாத ஒப்பந்தம் போடுவது நாடு முழுக்கவே பழக்கம். ஆனால் 2017 சட்டத்தின்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிய வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளமும் இருக்கிறது. ஆனாலும் முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை, வாய் வார்த்தைதான்.

எழுத்தில் ஒன்றும் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது சொந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ரேஷன் கார்டில் முகவரி மாற்ற, கேஸ் இணைப்பை மாற்ற, ஆதாரைத் திருத்த, குழந்தையைப் பள்ளியில் சேர்க்க, வங்கிக் கணக்கு தொடங்க எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று வேண்டும். “என் வீட்டு அட்ரஸ்ல ரேஷன் கார்டெல்லாம் வாங்கக் கூடாது” என்று சொல்லியே வீடு கொடுப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அதனால் பல குடும்பங்களின் ரேஷன் கார்டு முந்தைய பேட்டையிலும், வாக்கு அதற்கும் முந்தைய தெருவிலும் கிடக்கிறது. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, வீடு மாறிக்கொண்டே இருந்தவர்கள் பழைய தெருவுக்கு ஓடினார்கள். வாடகை வீட்டில் இருக்கிறோம் என்பதற்காகக் குடிமகன் என்ற கணக்கிலிருந்தே விடுபடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. நீங்கள் ஒரு ஒப்பந்தத்தைப் பதிந்துகொடுத்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி தீரும். ஒப்பந்தத்தால் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது. உங்கள் சொத்துக்கு அது இன்னும் ஒரு காப்பு.

பதினொரு மாதம் முடியும்போது வாடகை ஏறுவதை எதிர்பார்த்தே இருக்கிறோம். ஆனால் எவ்வளவு ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் ஒரு குடும்பம் திட்டமிட முடியும். பக்கத்தில் ஒரு மென்பொருள் அலுவலகம் வந்துவிட்டது, மெட்ரோ நிலையம் வரப்போகிறது என்ற பேச்சுக் கிளம்பியதும், இருக்கிறவரை அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் கிளம்பச் சொல்வது சட்டத்தில் எப்படியோ, நியாயத்தில் சேராது. வீடு மாறினால் பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அவர் வேலை செய்யும் நான்கு வீடுகளும் போகின்றன. வயதானவருக்குப் பழகிய டாக்டர் போகிறார். இந்த இழப்புகளுக்கெல்லாம் யாரும் விலை போட்டுக் கொடுப்பதில்லை.

கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட வலிக்கிற ஒன்று. யாருக்கு வீடு கொடுப்பது, யாருக்கு மறுப்பது.

டூ-லெட் போர்டைப் பார்த்து போன் செய்தால் முதல் கேள்வி வாடகை பற்றியதாக இருப்பதில்லை. “நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்பது முதல் கேள்வி. “சொந்த ஊர் எது?” என்பது அடுத்தது. ஊரைச் சொன்னால் “அங்க எந்தத் தெரு?” என்பார்கள். குலதெய்வம் எது என்று கேட்பார்கள். எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சிலர் சுற்றி வளைக்காமல் “நீங்க என்ன ஆளுங்க?” என்றே கேட்டுவிடுகிறார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் வீடு அந்த நிமிடத்தில் “ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு” ஆகிவிடும். ஆனால் போர்டு மட்டும் இன்னும் பல வாரம் அங்கேயே தொங்கும்.

தலித் குடும்பம், முஸ்லிம் குடும்பம், கணவர் இல்லாத பெண், தனியாக வேலை பார்க்கும் பெண், கல்யாணமாகாத இளைஞர், திருநங்கை என்று இந்த நகரம் சொந்தச் சம்பளத்தில் வாடகை கொடுக்கத் தயாராக இருப்பவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. கல்யாணமாகாதவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் என்று ஒரு உலகமே உருவானது இதனால்தானே. மறுக்கப்பட்டவருக்கு மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, கொடுக்கத் தயாராக இருக்கும் சிலரிடம் அவர்கள் கேட்ட வாடகையைக் கொடுப்பது. இரண்டாவது, தூரமாகப் போவது. இரண்டுக்கும் அவர்தான் பணம் கட்டுகிறார். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் இந்த நகரம் விலை கூடுதலாக இருப்பது இப்படித்தான்.

2017 சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்பதில் யாரும் தலையிடவில்லை. அதுபோலத்தான் வாடகை கொடுத்து ஒருவர் தன் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அவருடைய அடுப்பில் என்ன வேகிறது என்பதும் அவர் விஷயம். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாரா, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தராமல் இருப்பாரா என்று கேளுங்கள். வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு, முன்பு எங்கே இருந்தீர்கள் என்றும் கேளுங்கள். பழைய உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். இவை நியாயமான கேள்விகள். பிறப்பைப் பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். நூறாண்டுக்கு மேலாகச் சமூகநீதி பேசும் ஒரு மாநிலத்தின் தலைநகரில், வீடு தேடுகிறவர் சாதியைச் சொல்ல வேண்டியிருப்பது நம் எல்லோருக்கும் அவமானம்.

உங்களால் நல்லவர்களாகவும் இருக்க முடியும் என்பதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தளம் மூழ்கியபோது, கீழே குடியிருந்தவர்களை மாடிக்கு ஏற்றித் தங்கள் அறையிலேயே படுக்கவைத்த உரிமையாளர்கள் ஏராளம். அந்த மாத வாடகையை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பெருந்தன்மையைப் பார்த்தோம். ஆபத்து வந்தால் அவ்வளவு தாராளமாக இருக்க முடிந்த உங்களால், சாதாரண மாதங்களில் நியாயமாக இருக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி. பெருந்தன்மைகூட வேண்டாம். கணக்கு சரியாக இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. வாடகையை இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுவரில் ஆணி அடித்துத் துளைத்து, குழாயை உடைத்து, சொல்லாமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உள்வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் பட்ட அனுபவத்தில்தான் உங்களில் பலர் இறுகிப் போயிருக்கிறீர்கள். அவர்களைச் சட்டப்படி கேளுங்கள், நாங்கள் குறுக்கே வர மாட்டோம். ஆனால் ஒருவர் செய்த தவறுக்கு, அதற்குப் பின் வருகிற பத்துப் பேரிடம் முன்கூட்டியே அபராதம் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரு நகரப் பிரச்சினையாகவும் பாருங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா பெரும்பாக்கத்திலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ விடியற்காலையில் பஸ் பிடித்து வருகிறார். உங்களுக்கு ஊசி போடும் செவிலியர், பேரனுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர், கடைக்கணக்கு எழுதுபவர், உணவு கொண்டுவரும் இளைஞர் எல்லோரும் ஒவ்வோர் ஆண்டும் நகரத்திலிருந்து இன்னும் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் காலை நேரத்தில் ஒரு காலை ஊன்ற இடமில்லாமல் தொங்கி வருகிறவர்கள் இவர்கள்தான். வேலை செய்கிறவர்கள் இருக்க முடியாத நகரத்தில், வீடு வைத்திருப்பவர்களின் வாழ்க்கையும் நாளடைவில் கடினமாகும். இதற்கு மேலும் தள்ளிப் போக இடமில்லை என்றாகும் நாளில், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நீங்களும் புலம்ப வேண்டியிருக்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஐந்து விஷயங்கள்.

ஒன்று: முன்பணத்தை மூன்று மாத வாடகையோடு நிறுத்துங்கள். சாவியைத் திருப்பித் தரும் நாளிலேயே அதையும் திருப்பித் தாருங்கள். சுவர் உண்மையில் கெட்டிருந்தால் அதற்கான கூலியை ரசீதோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு வாங்குங்கள். முடியாவிட்டால் பில்லைக் காட்டிப் பங்கு பிரியுங்கள். மின்சாரத்தில் லாபம் பார்க்காதீர்கள்.

மூன்று: லாரித் தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் வாங்கும் பணத்துக்குக் கணக்கு வையுங்கள், அதை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

நான்கு: ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பள்ளி ஆண்டின் நடுவில் யாரையும் கிளப்பாதீர்கள்.

ஐந்து: சாதியும் மதமும் சாப்பாடும் கேட்காமல் வீடு கொடுங்கள்.

இந்த ஐந்தில் மூன்றுக்கு உங்களுக்குப் பெரிய செலவில்லை. மின்சாரத்தில் மட்டும், உங்களுக்கு உரியதல்லாத கொஞ்சம் பணம் வராமல் போகும். முன்பணத்தில் கைவசமிருக்கும் தொகை குறையும், ஆனால் அது எப்படியும் திருப்பித் தர வேண்டிய கடன்தான்.

பதிலுக்கு நாங்கள் என்ன தருவோம் என்று கேட்டால், வாடகையை ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் தருவோம். வீட்டைச் சொந்த வீடுபோல் பார்த்துக்கொள்வோம். கிளம்புவதாக இருந்தால் போதிய அவகாசம் கொடுத்துச் சொல்வோம், அடுத்தவருக்கு வீட்டைக் காட்ட நீங்கள் வரும்போது கதவைத் திறப்போம். இதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது குடியிருப்பவரை இந்த வாரம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். சட்டம் மாறவோ அரசு வரவோ காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஊரில் எங்கள் செலவு நாளைக்கே குறைய வேண்டும் என்றால், அதைச் செய்ய முடிந்தவர்கள் நீங்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடகைதாரர்களில் ஒருவர்,
சென்னை.